ஆறாவது மாடித் தண்ணீர்

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து மழை. பெரிய மழை இல்லை, நசநசவென்று. ஹோஸ் எதுவும் காயவில்லை. டவரில் தொங்கவிட்டவை அப்படியே சொட்டிக்கொண்டிருக்கின்றன. ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும், சுருட்டாவிட்டால் ஆபீசர் பிடிப்பார்.

நாஸ்தா: ஆறிப்போன இட்லி. சட்னி இல்லை.

புதன்கிழமை படூரில் ஒரு பெரிய அபார்ட்மெண்டில் இன்ஸ்பெக்‌ஷன். பதினெட்டு மாடி. ரைசரைச் சோதிக்க வேண்டும். ரைசர் என்றால் தரையிலிருந்து மொட்டைமாடி வரை நிற்கும் தீயணைப்புக் குழாய், மாடிக்கு ஒரு வால்வு. ஆபீசர் கட்டடத்தின் பெயரைச் சொன்னதும் சிரித்துவிட்டேன்.

"என்னய்யா சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல சார். அங்க நம்மாளு ஒருத்தர் கீறாரு."

நம்மாள் என்றால் ஆரோக்கியம் அண்ணன். (இனி ஆ.அ. தினமும் முழுப்பெயர் எழுதினால் கை வலிக்கும்.) இதே ஸ்டேஷனில் டிரைவராக இருந்தவர். வண்டி ஓட்டுவது அவருக்குப் பாதி வேலை. வண்டி நின்றபிறகு பம்பைப் பார்த்துக்கொள்வதுதான் மீதி. அவர் பம்ப், நான் பிராஞ்ச். ஹோஸின் அந்த முனையில் அவர், இந்த முனையில் பித்தளை மூக்கைப் பிடித்துக்கொண்டு நான். மீசை நரைக்கும் வரை இப்படியே ஓடிவிட்டது. ரிட்டயர் ஆனதும் மகள் ஸ்டெல்லாவோடு படூருக்குப் போய்விட்டார். ஆறாவது மாடி. பாதிரியார் வந்து வீடு மந்திரித்த அன்று போனது, அப்புறம் போனில்தான் பேச்சு. இரண்டு முட்டியும் போய்விட்டதாம். படி ஏற முடிவதில்லை, லிஃப்ட் இருப்பதால் பிழைப்பு ஓடுகிறது என்றார்.

எடுத்துப்போக: கேஜ், பிராஞ்ச், ஸ்பேனர், உலர்ந்த ஹோஸ் (இருந்தால்).

வாங்க: மல்லிகாவுக்குத் தைலம். குடைக்குக் கம்பி.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. ஈ.சி.ஆரில் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்து அரை நாள் ரம்பத்தோடு போயிற்று. பஸ்ஸில் மாட்டிக்கொண்ட ஒருவர் ஜன்னல் வழியாக யோசனை சொல்லிக்கொண்டே இருந்தார். "அந்தாண்ட அறு சார், அந்தாண்ட." இறங்கி வந்து பிடிக்கச் சொன்னேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மத்தியானம் பெட்டியைக் கிளறினபோது பழைய விசில் கிடைத்தது. உள்ளே உருளை ஒட்டிக்கொண்டு ஊதினால் காற்றுதான் வருகிறது.

இப்போது ஆளுக்கொரு வாக்கி டாக்கி. அப்போதும் இருந்தது, பேட்டரிதான் இருக்காது. எனக்கும் ஆ.அ.வுக்கும் விசில்தான். ஒன்று ஊதினால் தண்ணீர் விடு. இரண்டு ஊதினால் ஏற்று. நீளமாக ஊதினால் நிறுத்து. டிரெய்னிங்கில் சொல்லித்தந்தது வேறு, இது எங்கள் இருவருக்குள். வண்டி ரோட்டில் நிற்கும், அவர் வண்டியோடு நிற்பார். நான் சந்து பொந்தெல்லாம் தாண்டி உள்ளே இருப்பேன். அவருக்கு நானும் தெரியமாட்டேன், தீயும் தெரியாது. விசில் காதில் விழுந்தால் ஏற்றுவார். ஒரே அடியாக இல்லை, கஞ்சி வடிப்பதுபோலப் பார்த்துப் பார்த்து.

ஏன் அப்படி என்பது எனக்கு ஒருநாள் விளங்கியது. கடலோரம் ஒரு சவுக்குத் தோப்பில் தீ. அன்றைக்கு ஆ.அ. லீவு, தங்கை கல்யாணம். பம்பில் நின்றவர் வேறு ஸ்டேஷன் ஆள். எடுத்த எடுப்பிலேயே முழுசாகத் திறந்துவிட்டார். ஹோஸ் என்னைத் தூக்கி மரத்தில் அடித்தது. காறை எலும்பு இரண்டாகிவிட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேன், ஆ.அ. கல்யாணப் பட்டு வேட்டியோடு வந்து நிற்கிறார். வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

"எவ்ளோடா குடுத்தான்?"

"ஏயு கிலோ இருக்கும் அண்ணாத்த."

வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மொதல்ல கம்மியா குடுக்கணும், கேட்டா ஏத்தணும். இத்துகூடவா தெரியாது அந்த ஆளுக்கு?"

அதிலிருந்து அவர் ஆரம்பிக்கும் பிரஷர் இன்னும் இறங்கிவிட்டது. கூட்டம் திட்டும். "இன்னாய்யா தண்ணி இது, கொயந்த ஒண்ணுக்கு உடுற மாரி?" அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். என் விசிலுக்கு மட்டும்தான் அவர் காது.

விசிலைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வைத்தேன். உருளை அசைகிறது. நாளைக்கு அவரைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்தாலே சின்னப்பிள்ளை மாதிரி இருக்கிறது. வெட்கக்கேடு.

நவம்பர் 12, புதன்

வெயில். அதிசயம்.

ஆ.அ. கேட்டிலேயே நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஊன்றுகோல், ஷூ கூட. வாட்ச்மேனிலிருந்து நாய் பிடித்துக்கொண்டு போகிற அம்மா வரை எல்லோரும் "ஃபயர் சார், உங்க ஆளுங்க வந்துட்டாங்க" என்கிறார்கள். அசோசியேஷனில் தீப் பாதுகாப்புக் கமிட்டிக்கு இவர்தான் தலைவராம். முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"வாடா ஏழுமல. இன்னா இப்டி எளச்சிட்ட?"

நான் தொண்ணூறு கிலோ. யூனிஃபார்ம் பட்டன் அவர் எதிரிலேயே பிய்ந்துகொள்ளும்போல இருந்தது.

முதலில் பதினெட்டாவது மாடி. ஜன்னல் வழியே கேளம்பாக்கம் உப்பளம் முழுக்கத் தெரிந்தது, அதற்கப்பால் கடல் ஒரு கோடு. வால்வைத் திறந்தோம். அருமையான தண்ணீர். அழுத்தம் காட்டும் கேஜ் மூன்றரை கிலோவுக்கு மேலே. ஆபீசருக்குத் திருப்தி, கீழே இறங்கிப் போய்விட்டார். நடுவில் ஒரு மாடியைப் பார்த்துவிட்டு வா என்றார். எது என்று சொல்லவில்லை. நான் ஆறைத் தேர்ந்தெடுத்தேன்.

திறந்தேன். ஹோஸ் நிறைந்தது, ஆனால் விறைக்கவில்லை. சாப்பிட்டுப் படுத்த பாம்புபோலப் படியில் கிடந்தது. பிராஞ்சிலிருந்து வந்த தண்ணீர் ஜன்னலைத் தாண்டியதும் நேராகக் கீழே விழுந்தது. யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள், அதன்மேல். கேஜ் ஒரு கிலோதான் காட்டியது.

சாயங்காலம் மல்லிகாவிடம் சொன்னேன். "மேல நல்லா வருது, கீய வர்லன்னா எப்டி? நம்மூட்டு டேங்க்ல கீயதான நல்லா வருது" என்கிறாள். எழுதிப் பார்த்தால் அவளுக்கு நாளைக்குச் சொல்லலாம். நம் வீட்டில் தண்ணீர் மேலேயிருந்து இறங்குகிறது. அங்கே பம்ப் தரையில் இருக்கிறது. பதினெட்டுக்கு ஏற்ற வேண்டுமானால் அடியில் பெரும் அழுத்தம் தேவை. அதே அழுத்தம் கீழ் மாடிகளில் வந்தால் பிடிக்கிறவனைத் தூக்கி அடிக்கும். ஆகவே கீழ் மாடி வால்வுகளில் மட்டும் ரெகுலேட்டர். மூடியைக் கழற்றினால் ஒரு திருகு. எவ்வளவுக்கு வைத்தோமோ அதற்கு மேல் விடாது. நல்ல சாமான்தான். இங்கே முதல் மாடியிலிருந்து எட்டு வரை உண்டு. அந்த எட்டு மாடியிலுமே திருகைக் குறைத்து வைத்திருக்கிறார்கள்.

கீழே ஆபீசரைக் கூப்பிட்டுச் சொன்னேன். நம் வண்டியை ரைசரின் அடிவாயில் மாட்டி பம்ப் போடச் சொன்னார். டிரைவர் வாக்கி டாக்கியில் "கீய பத்து காட்டுது, போதுமா?" என்கிறார். என் கேஜ் அதே ஒன்று. கீழேயிருந்து என்ன முக்கினாலும் ரெகுலேட்டர் தன் அளவைத்தான் விடும். அதன் வேலையே அதுதானே.

கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. விசிலை எடுத்து இரண்டு ஊதினேன். ஏற்று. யாருக்கு ஊதினேன் என்று எனக்கே தெரியவில்லை. கூட நின்ற மெயின்டனன்ஸ் கம்பெனி ஆள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"யாருய்யா இத்த கொறச்சது?" என்றேன்.

"நான் இன்னா சார் பண்றது? உங்க ஃபயர் சார்தான் எட்டு மாடிக்கும் கொறைக்க சொன்னாரு. வேணாம் சார்னேன். ஃபயர் சர்வீஸ்ல இர்ந்தது நீயா நானான்னு கேட்டாரு."

பொய் இல்லை. அது ஆ.அ. பேச்சேதான், குரல்கூடக் கேட்டது.

ஆறில் தீ பிடித்தால் என்ன செய்வேன்? எங்கள் ஏணி நாலாவது மாடியோடு சரி. ஐந்திலும் ரெகுலேட்டர், நாலிலும் ரெகுலேட்டர். திருகைத் திருப்பும் சாவி கம்பெனி ஆபீசில். ஒன்பதிலிருந்து ஹோஸை இறக்கலாம், ஆனால் தீக்கு மேலே, புகை ஏறும் இடத்தில் நின்றுகொண்டு. இல்லாவிட்டால் ரோட்டிலிருந்து படிவழியே ஹோஸை இழுத்து ஏற வேண்டும். அதற்குள் உள்ளே இருப்பவர் என்ன ஆவார்?

உள்ளே இருப்பவர் யார் என்பதுதான் பேஜாரு.

இறங்கி வந்தேன். சோதனைக்காக லிஃப்டை நிறுத்தியிருந்தார்கள். ஆ.அ. வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தன் வீட்டு ஜன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"லிஃப்ட் உட்டாதான்டா எனக்கு வூடு" என்று சிரித்தார். "எப்டி வந்துச்சி தண்ணி?"

"வந்துச்சி அண்ணாத்த."

"பின்ன? நம்ம பில்டிங்காச்சே."

நவம்பர் 13, வியாழன்

மறுபடி மழை. குடைக் கம்பி மறந்தேன்.

ஆபீசர் ரிப்போர்ட்டும் அசோசியேஷனுக்கு நோட்டீஸும் அடித்தார். யார் குறைத்தது என்று கேட்டார். மெயின்டனன்ஸ் ஆள் என்றேன். திருகியது அவர் கைதான், அந்த அளவில் உண்மை.

"யாரா இருந்தா என்ன. சரியா ஏத்தி வச்சிட்டு கூப்பிடச் சொல்லு. வந்து பாத்துட்டுதான் கையெழுத்து."

அவருக்கு அத்தோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் மீட்டிங். நோட்டீஸைப் படிப்பார்கள். மெயின்டனன்ஸ் ஆளைக் கேட்பார்கள். அவர் சும்மா இருப்பாரா? அத்தனை பேர் எதிரில் ஃபயர் சார் பெயர் வரும்.

சாயங்காலம் ஸ்டெல்லா போன். "அங்கிள், அப்பா நேத்துலர்ந்து தரைல நிக்கல. லிஃப்ட்ல யார் வந்தாலும் புடிச்சிக்கினு, எங்க பசங்க வந்தாங்க, எங்க பசங்க வந்தாங்கன்னு. நீங்க அடிக்கடி வாங்களேன். நான் வேலைக்குப் போய்ட்டா பகல் பூரா அவர் ஒண்டியாதான் கீறாரு. மதியம் தானே அடுப்பு பத்த வெச்சி சமைக்கிறாரு, சொன்னா கேக்கறதில்ல."

ஒண்டியாக. அடுப்பு. ஆறாவது மாடி. நான் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன்.

அவரிடம் சொல்ல வேண்டும். மீட்டிங்குக்கு முன்னால், என் வாயால். சனிக்கிழமை எனக்கு ஆஃப்.

எப்படிச் சொல்வது? தெரியவில்லை. தண்ணீர் விஷயத்தில் அவரை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்ததே இல்லை.

நவம்பர் 15, சனி

கோவளத்தில் இறங்கி வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு சங்கரா வாங்கினேன். போகிற வழியெல்லாம் பை சொட்டி பேண்ட் நாறிவிட்டது.

ஸ்டெல்லா டீ போட்டாள். ஆ.அ. ஒரே குஷி. சுவரில் மாதா படம், பக்கத்தில் நாங்கள் எல்லோரும் வண்டிமுன் நிற்கும் போட்டோ. அதில் என் இடுப்பு இருக்கிற இடத்தைக் காட்டி, "இத்த எங்கடா தொலச்ச?" என்றார்.

மீனைப் பார்த்ததும் அவருக்கு அந்தக் குப்பத்து நெருப்பு ஞாபகம் வந்துவிட்டது. கடலோரம் வரிசையாகக் குடிசை. வலையெல்லாம் நைலான், எரியும்போது வந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. வண்டித் தண்ணீர் தீர்ந்து, ஆ.அ. கழிமுகத்தில் உறிஞ்சுகுழாயை இறக்கினார். அவசரத்தில் அதன் வாயில் குப்பையைத் தடுக்கும் கூடை கழன்றுவிட்டது. என் பிராஞ்சிலிருந்து தண்ணீரோடு பொடிமீன் தெறிக்கிறது. வீடு எரிந்துகொண்டிருந்த ஒரு பெண் அழுதுகொண்டே சிரித்தாள். "எரியற வூட்டுக்கு மீனு குடுக்கறான் பாரு!"

"வேடந்தாங்கல் ஞாபகம் கீதா?" என்றேன் நான். வேண்டுமென்றேதான் இழுத்தேன். சொல்ல வந்ததைத் தள்ளிப்போட எனக்கு இன்னும் ஒரு நெருப்பு வேண்டியிருந்தது.

ஏரிக்குப் பக்கத்தில் வைக்கோல் போர். நாங்கள் அலறிக்கொண்டு போகிறோம், ஊர்க்காரர்கள் நடுரோட்டில் கையை நீட்டி நிறுத்துகிறார்கள். "சைரன நிறுத்து அண்ணாத்த, பறவ கெளம்பிடும்." தீபாவளிக்கே வெடி வைக்காத ஊர். தீ வேறு, பறவை வேறு அவர்களுக்கு. சைரனை நிறுத்தினோம். விசிலும் ஊத முடியாது. துண்டை ஆட்டி ஆட்டித்தான் தண்ணீர் கேட்டேன். மரமெல்லாம் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது, ஒன்றுகூடக் கிளம்பவில்லை. எல்லாம் முடிந்து ஏரிக்கரையில் கால் நீட்டி உட்கார்ந்தோம். அந்த ஊர் டீ. அதைவிட நல்ல டீ நான் குடித்ததில்லை. அந்த நாள் ஒன்று திரும்பக் கிடைத்தால் என் பென்ஷனில் பாதியைக் கொடுத்துவிடுவேன்.

"அன்னிக்கி ஒருநாள்தான்டா நீ வேல செய்யச்சொல்ல பாத்தேன்" என்றார் ஆ.அ. "அதுவும் இன்னா, தூரத்துல ஒரு துண்டு. பம்புகாரனுக்கு நெருப்பு ஏது? பொகதான்."

டீ தீர்ந்துவிட்டது. சொன்னேன். புதன்கிழமை ஆறில் தண்ணீர் வரவில்லை அண்ணாத்த என்றேன். கேஜ் ஒரு கிலோ காட்டியதைச் சொன்னேன். வண்டியில் பத்து போட்டும் ஏறாததைச் சொன்னேன்.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "நாந்தான் கொறைக்க சொன்னேன்" என்றார். "கம்பெனி ஆளுங்க சர்வீசுக்கு வந்தப்ப வாட்ச்மேன ஹோஸ புடிக்க சொன்னானுங்க. உட்ட ஒடனே மல்லாந்துட்டான். நீ தோப்புல உயுந்தது நான் பாக்கல. அத்த பாத்த மாரி ஆயிடிச்சி எனக்கு. நாளிக்கி இங்க எவனா நம்ம பையன் வந்து புடிப்பான், எகிறி சுவுத்துல உயுவான். அதான். மொதல்ல கம்மியா இர்க்கட்டும், கேட்டா ஏத்திக்கலாம்னு."

"யாரு ஏத்தறது அண்ணாத்த?"

அவர் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தார்.

"நா ரெண்டு ஊதினேன். உன் வூட்டு வாசல்ல நின்னுக்கினு ஊதினேன். கீய யாருமே இல்ல."

ஊன்றுகோலைத் தரையில் தட்டினார். "நா குட்த்த தண்ணி என்னிக்கினா கொறஞ்சிச்சா? சொல்றா! எனுக்கு நீ பம்பு சொல்லித் தரியா?"

"கொறஞ்சதே இல்ல. நீ நின்னுக்கினு இர்ந்த. இங்க யாரு நிக்கிறா? திருகு நிக்கிது. அதுக்குக் காது கெடியாது."

"போடா."

"அண்ணாத்த, நாளிக்கி மீட்டிங்ல..."

"போடான்றேன்ல."

ஸ்டெல்லா சமையலறை வாசலில் கையில் மீன் பையோடு நின்றாள். நான் கிளம்பிவிட்டேன். லிஃப்டுக்குக் காத்திருக்க மனசில்லை, படியில் இறங்கினேன். ஒவ்வொரு மாடியிலும் அந்தச் சிவப்பு வால்வு. பஸ்ஸில் அழுகை வந்தது. மீன் நாற்றத்துக்குப் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விட்டதால் யாரும் பார்க்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

டூட்டி. கிணற்றில் ஆடு. மேலே தூக்கிவிட்டதும் ஆட்டுக்கு நன்றி இல்லை, முட்டியது. சொந்தக்காரருக்கும் இல்லை, "வாலு பக்கம் சிராச்சிடிச்சே" என்றார்.

நாள் முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீட்டிங் காலையிலேயே முடிந்திருக்கும்.

சாயங்காலம் ஸ்டெல்லா கூப்பிட்டாள். நோட்டீஸைப் படித்தார்களாம். செக்ரெட்டரி மெயின்டனன்ஸ் ஆளைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தாராம். அவர் வாயைத் திறக்கும் முன்னால் அப்பா எழுந்துவிட்டார் என்றாள்.

"நாற்காலிய புடிச்சிக்கினு எய்ந்து நின்னாரு அங்கிள். அவர ஒண்ணும் சொல்லாதீங்க, நாந்தான் கொறைக்க சொன்னேன்னாரு. பம்பு கிட்ட ஆளு நிக்கிற நெனப்புலயே சொல்லிட்டேன், அங்க ஆளு கெடியாது, தப்பு எம்மேலன்னாரு. யாரோ ஒருத்தர், ஃபயர் சர்வீஸ்ல இருந்தவரே இப்டி பண்ணா எப்டின்னாரு. அப்பா, கரெக்ட்டுதான் சார்னு உக்காந்துட்டாரு. கமிட்டிக்கு வேற ஆள போடுங்கன்னு சொல்லிட்டாரு."

அத்தனை பேர் எதிரில் அவர் எழுந்து நின்றதை நினைத்துப் பார்த்தேன். அந்த முட்டியோடு. நான் வாய் மூடி இருந்திருக்கலாமோ? முடியாது. ஆறாவது மாடி. முடியவே முடியாது.

"சாப்ட்டாரா?"

"நீங்க குட்த்த மீன அவரே கயுவி கொயம்பு வெச்சாரு. உங்களுக்கு ஒரு டப்பால எட்த்து வெக்கச் சொல்லிக்கீறாரு."

போனை வைத்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் நிற்கிற இடம். பம்புக்குப் பக்கத்தில் பெயிண்ட் தேய்ந்து ஒரு வட்டம் இருக்கும், அவர் கை வைத்துச் சாய்ந்த இடம். அது பழைய வண்டியில். இது புது வண்டி, பளபளவென்று இருக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

கனமழை. பாம்பு என்று மூன்று போன். ஒன்று சாரை, ஒன்று தண்ணீர்ப்பாம்பு, மூன்றாவது பெல்ட்.

படூரிலிருந்து தகவல். எட்டு மாடியிலும் திருகைச் சரிசெய்துவிட்டார்களாம். வியாழக்கிழமை வந்து பார்க்கலாம். செக்ரெட்டரி தயங்கித் தயங்கி ஆபீசரிடம் இன்னொன்றும் சொன்னாராம். "ஃபயர் சார் ஒரு ரிக்வெஸ்ட் வெச்சாரு. ஆறாவது மாடில ஏழுமலைதான் புடிக்கணுமாம்."

ஆபீசர் என்னைப் பார்த்தார். "என்னய்யா இது, கச்சேரிக்கு ஆள் கூப்பிடற மாதிரி?"

குடைக்குக் கம்பி போட்டாயிற்று. தைலமும் வாங்கியாயிற்று. மல்லிகாவுக்கு ரெகுலேட்டரும் விளங்கிவிட்டது. "அதாவது நம்ம சின்னவன் மாரி, கீயர்ந்து எவ்ளோ கத்தினாலும் அவன் எய்ந்துக்கறப்போதான் எய்ந்துப்பான்" என்கிறாள். கிட்டத்தட்ட சரி.

நவம்பர் 20, வியாழன்

மேகம், மழை இல்லை.

ஆறாவது மாடி வால்வுக்குப் பக்கத்தில் ஆ.அ. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பின்னால் ஸ்டெல்லா. இஸ்திரிச் சட்டை இல்லை, கைலி. என்னைப் பார்த்ததும் காலை ஒதுக்கி வழி விட்டார். மெயின்டனன்ஸ் ஆள் கேஜை மாட்டி, தண்ணீரை ஓடவிட்டுக் காட்டினார். மூன்றரை. ஆபீசர் தலையை ஆட்டிவிட்டு ஏழாவது மாடிக்குப் போனார், கூடவே மெயின்டனன்ஸ் ஆளும்.

ஹோஸை மாட்டினேன். பிராஞ்சைப் படி ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். எதிரே காலி மனை, முள்ளும் மழைத்தண்ணீரும். எனக்குப் பின்னால் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். கூட வந்தவர் கீழே கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"இரு, கூப்புடறேன்" என்றேன்.

"எதுக்கு?" என்றார் ஆ.அ.

ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். ஒரு காலை வைத்து, நின்று, அடுத்த காலை வைத்து என் பின்னால் வந்தார். அவர் வயிறு என் முதுகில் இடித்தது. இரண்டு கையாலும் ஹோஸைப் பிடித்தார். அவர் ஹோஸ் பிடித்து நான் பார்த்ததே இல்லை. பிடியும் தப்பு, கட்டைவிரல் மேலே இருந்தது. நான் திருத்தவில்லை.

"அண்ணாத்த, முட்டி..."

"ஊதுடா."

ஒன்று ஊதினேன். ஸ்டெல்லா வால்வைத் திறந்தாள். ஹோஸ் நிறைந்தது, விறைத்தது, ஒரு உதை உதைத்தது. நான் முன்னால் சாய்ந்து தாங்கினேன். பின்னால் அவர் ஒரு அடி தள்ளாடி, மறுபடி என்மேல் வந்து ஒட்டிக்கொண்டார். தண்ணீர் மனையைத் தாண்டி எதிர்ச்சுவரில் போய் அடித்தது. கீழே யாரோ கை தட்டினார்கள். என் காதுக்குப் பக்கத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"இவ்ளோ ஒதைக்குமாடா?"

"உதைக்கும் அண்ணாத்த."

அவர் பிடியை இறுக்கினார்.

"இத்தத்தான் இத்தினி வர்சமா உனுக்கு அனுப்பிக்கினு இர்ந்தனா?"

ஆமாம் என்றேன்.

"நிறுத்த சொல்லட்டா?"

வேண்டாம் என்றேன்.